ராத்திரி ஒரு மணி நடையும் நான்கு மாதச் சம்பளமும்

சிங்கப்பூரில் நான் இருந்த நான்கரை ஆண்டுகளில் யாரும் என்னை மிரட்டிக் காசு பறித்ததில்லை. எந்தப் போலீஸ்காரரும் கை நீட்டியதில்லை. ஒருமுறை எம்.ஆர்.டி. ரயிலில் மறந்துவிட்டு இறங்கிய பணப்பை, இரண்டாம் நாள் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்போம்) குறையாமல் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட ஊரில்தான் என்னுடைய நான்கு மாதச் சம்பளம் போனது. எடுத்தவர் யார், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கும் என்னோடு வேலை பார்த்த இருபத்திரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஆறு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தோம். அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். இனி போகிறவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கு அதில் ஒரு வாரமாவது மிச்சமாகட்டும்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் சிங்கப்பூர் வேலைக்கான தொழில்திறன் டெஸ்ட் அடித்து, 2019 ஆகஸ்டில் விமானம் ஏறினேன். ஏஜெண்டுக்குக் கொடுத்தது மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதில் பாதி அம்மாவின் நகையை அடகு வைத்தது, மீதி இரண்டு வட்டிக்கு வாங்கியது. ரசீது கிடையாது. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் கேட்கவும் இல்லை. இதில் ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வளைகுடா நாடுகள், மலேசியா என்று பதினெட்டு நாடுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் நம் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதாவது நம் பக்கத்தில் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்க்க எந்த மேசையும் கிடையாது. நாமே பார்த்தால்தான் உண்டு. பார்க்க வேண்டியது ஐ.பி.ஏ. என்று சொல்லும் முன் அனுமதிக் கடிதம். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் தனித்தனியாக அதில் இருக்கும். நமக்குப் புரியும் மொழியிலும் அதைத் தருகிறார்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னது வேறு, அந்தத் தாளில் இருப்பது வேறு என்றால் தாளில் இருப்பதுதான் செல்லும். அதில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை நம் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் முதலாளி குறைக்க முடியாது. நான் அந்தக் கடிதத்தை விமான நிலையத்தில் காட்டிவிட்டுப் பையில் போட்டவன்தான், நான்கு ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்தேன்.

போன புதிதில் எனக்கு அந்த ஊர் மீது வந்த மயக்கத்தை மறைக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நண்பர்களைப் பார்த்துவிட்டு, முஸ்தபா கடையில் அம்மாவுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கடைசி ரயில் போய்விட்டது. டாக்சிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. காக்கி புக்கிட்டில் இருந்த எங்கள் டார்மிட்டரிக்கு, அதாவது தொழிலாளர் விடுதிக்கு, நடக்கத் தொடங்கினேன். காலாங் தாண்டி, சிம்ஸ் அவென்யூ வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ராத்திரி ஒரு மணி இருக்கும். எதிரில் ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயது, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். வேட்டை நாயைப் பார்ப்பதுபோல் ஒதுங்கவில்லை, நடையை வேகமாக்கவில்லை, பையை மார்போடு இழுத்துக்கொள்ளவில்லை. வெறுமனே கடந்து போனாள். அந்த நேரத்தில் தெருவில் ஓர் ஆண் மீது பயமில்லாத முகத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே ராத்திரியில் தனியாக நடக்கப் பயமில்லை என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொல்வதாகக் கருத்துக்கணிப்புகளில் வரும். கணிப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

அன்றைக்கே சென்னையில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவள் அப்போது மேடவாக்கம் பக்கம் விடுதியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். “இதுதான் சுதந்திரம், நம் ஊரில் கொடி பிடிக்கிறோமே அதெல்லாம் இல்லை” என்றேன். அவளிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் கல்லூரியில் மேடைப் பேச்சுக்குப் பரிசு வாங்கியவள். ஆனால் அவள் சொன்னது வேறு. “அண்ணா, அந்த ஒரு மணி நடையை எனக்குத் தருகிறார்கள் என்றால், என் ஓட்டை இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்பது எனக்கு எதற்கு? பஸ் ஸ்டாப்பிலிருந்து விடுதிவரை பதினொரு நிமிடம், தினமும் அந்தப் பதினொரு நிமிடம்தான் என் வாழ்க்கையில் பெரிய பிரச்சினை.” நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு அண்ணன், தங்கை இரண்டு பேரும் ஒரே கட்சி.

2020 ஏப்ரலில் கொரோனாவால் டார்மிட்டரிகளைப் பூட்டினார்கள். பன்னிரண்டு பேர் படுக்கும் அறை. மூன்று வேளையும் பொட்டலம் வாசலுக்கு வந்தது, டாக்டர் வந்தார், ஊருக்குப் பேச இணைய வசதியும் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் டார்மிட்டரிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அரசே அறிவித்தது. இறந்தவர்கள் மிக மிகச் சிலர். நம் ஊரில் அந்த ஆண்டு நடந்ததோடு ஒப்பிட்டால் எங்களைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நகரத்து மக்கள் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகும், நாங்கள் வெளியே போக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது 2022 ஜூன் வரை நீண்டது. ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதே சாலை, நான் ராத்திரி நடந்துவந்த அதே சாலை. “எங்களை எப்போது விடுவீர்கள்?” என்று கேட்பதற்கு எங்களுக்கு ஒரு வாய் இல்லை. எங்களுக்காகக் கேட்ட சில தொண்டு அமைப்புகள் இருந்தன, நல்லவர்கள். ஆனால் எங்கள் ஓட்டை இழந்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டிய ஆள் எந்த நாட்டிலும் இல்லை. அங்கே நான் வெளிநாட்டான். இங்கே 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது நான் ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடியில் ஏர்கான் டக்ட் தூக்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயரைப் பதிவு செய்யலாம், ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் சொந்த வாக்குச்சாவடிக்கு வந்தால்தான் ஓட்டு. வேலை பெர்மிட்டில் இருக்கிறவன் ஓட்டுப்போட விமானத்தில் வருவானா? இதெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது.

சம்பளம் வந்துகொண்டிருந்தது என்கிறேனே, அதிலும் ஓட்டை இருந்தது. என் அடிப்படைச் சம்பளம் கடைசியில் 850 வெள்ளி. ஓவர்டைமுக்கு மணிக்கு ஐந்து வெள்ளி என்று கொடுத்தார்கள். சரியான கணக்கு எப்படி என்றால், மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். வருவதுதான் ஒரு மணி நேரக் கூலி. அதில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். எனக்கு 6 வெள்ளி 69 காசு வர வேண்டும். மாதம் அறுபது மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் நூறு வெள்ளி குறைகிறது. இந்தக் கணக்கை யாரும் மறைத்துவைக்கவில்லை, எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். நான்தான் போட்டுப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் ஒரு கட்டுத் தாளோடு வருவார், தொகை எழுதாத சம்பள வவுச்சர்கள், வரிசையாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவரும் தமிழர்தான், நல்ல மனிதர், “தம்பி, லாரி நிற்கிறது, சீக்கிரம்” என்பார். போட்டுவிடுவேன். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் போடுவதற்கு முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். தொகை காலியாக இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

2023 மே மாதச் சம்பளம் வரவில்லை. மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளமும், பதினான்கு நாட்களுக்குள் ஓவர்டைமும் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரிய காண்டிராக்டர் பில் பாஸ் செய்யவில்லை, அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். ஜூனுக்கும் அதே பதில். ஜூலையில் சாப்பாட்டுச் செலவுக்கு என்று ஆளுக்கு நூறு வெள்ளி கொடுத்தார்கள், நாங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம்! என் பணத்திலேயே பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தேறாததைக் கொடுத்தவனைப் பார்த்துக் கை கூப்பியது இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அம்மாவிடம் வங்கியில் ஏதோ கோளாறு என்றேன். அறைத்தோழரான ஒரு வங்கதேசத்துக்காரரிடம் முந்நூறு வெள்ளி கடன் வாங்கி ஊருக்கு அனுப்பினேன். அவர் இரண்டு வார்த்தை தமிழ் பேசுவார், நான் இரண்டு வார்த்தை வங்காளம். கடன் கொடுக்க அது போதுமாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஒரு ராத்திரி நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். எல்லாரும் சேர்ந்து எம்.ஓ.எம்.முக்கு, அதாவது மனிதவள அமைச்சுக்குப் போய்விடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் 2008-லிருந்து அங்கே இருக்கிறவர். மெதுவாக இரண்டே இரண்டு வருடங்களைச் சொன்னார்: 2012, 2013. அறை அமைதியாகிவிட்டது. 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பஸ் டிரைவர்கள் 171 பேர், சம்பளத்தில் பாரபட்சம் என்று வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். 1986-க்குப் பிறகு அந்த நாடு பார்த்த முதல் வேலைநிறுத்தம் அது. ஐந்து பேருக்குச் சிறை, இருபத்தொன்பது பேர் நாடு கடத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழகத் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்து ஆம்புலன்ஸையும் போலீஸ் வண்டியையும் எரித்தது. இருபத்தைந்து பேர் மீது வழக்கு, ஐம்பத்தேழு பேரை ஊருக்கு அனுப்பினார்கள். அண்ணன் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை, துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். ஆனாலும் பத்து ஆண்டுகளாக அவர் நான்கு பேருக்கு மேல் சேர்ந்து நடப்பதில்லை. வண்டியைக் கொளுத்தியதும் சம்பளம் கேட்பதும் ஒன்றா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெர்மிட்டை ரத்து செய்ய முதலாளிக்கு ஒரு பட்டன் போதும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டமாகப் போனால் குற்றம் என்று யாரோ ஒருவர் சொன்னார், அதோடு பேச்சு முடிந்தது. ஆறு வாரம் போய்விட்டது.

அந்த “யாரோ ஒருவர்” சொன்னது பாதி உண்மை, அதனால்தான் அவ்வளவு கெடுதல் செய்தது. 2009-இல் வந்த பொது ஒழுங்குச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் ஒரே ஒரு ஆள் ஒரு கோரிக்கைக்காகப் பதாகை பிடித்து நின்றால்கூட அது ‘கூட்டம்’தான். ஹாங் லிம் பூங்காவில் பேசுவதற்கென்று ஓர் இடம் 2000-லிருந்து இருக்கிறது, அதுவும் அந்நாட்டவருக்குத்தான். நம்மைப்போல் பெர்மிட்டில் இருப்பவர்கள் அங்கே நடக்கும் போராட்டத்தை நின்று வேடிக்கை பார்ப்பதுகூட வேண்டாத வேலை. ஆனால் சம்பளப் புகார் கொடுக்க அலுவலகத்துக்குப் போவது குற்றமே இல்லை. தனியாகப் போகலாம், சேர்ந்தும் போகலாம். கோஷம் வேண்டாம், அட்டை வேண்டாம், வேலையை நிறுத்துகிறோம் என்ற மிரட்டல் வேண்டாம். வரிசையில் நின்று எண் வாங்கிப் புகாரைப் பதிவு செய்தால் போதும். இந்த வித்தியாசத்தை எங்களுக்கு அன்றே யாராவது சொல்லியிருந்தால் ஜூலையிலேயே போயிருப்போம். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் அப்போது ஏதாவது இருந்திருக்கும்.

ஆகஸ்டு சம்பளமும் இல்லை என்று உறுதியான பிறகு, செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை பெண்டமீர் சாலையில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்துக்குக் கிளம்பினோம். எப்படிக் கிளம்பினோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மூன்று மூன்று பேராக, பத்து நிமிட இடைவெளியில், வெவ்வேறு பெட்டிகளில் ஏறினோம். ரயிலில் நம் ஆட்களைப் பார்த்தால் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். இருபத்து மூன்று பேரில் வந்து சேர்ந்தது பதினாறு பேர்தான். உள்ளே இருந்த அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார். தமிழில் பேச ஆள் இருந்தார். எங்களில் யாருக்கும் விலங்கு மாட்டவில்லை. வெளியே வந்து காப்பி குடிக்கும்போது ராமநாதபுரத்து அண்ணன் அழுதுவிட்டார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்றார்.

புகார் கொடுத்தால் முதலில் சமரசப் பேச்சு. டி.ஏ.டி.எம். என்ற முத்தரப்பு அமைப்பு 2017-லிருந்து இதைச் செய்கிறது. சரிப்படவில்லை என்றால் நடுவர் மன்றம். அங்கே இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. நமக்கு இது நல்லது. தொழிற்சங்கம் மூலமாகப் போகாதவர்கள் அதிகபட்சம் 20,000 வெள்ளிவரை கேட்கலாம். ஆனால் கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது கேட்டால் ஓராண்டுக்குள் வர வேண்டியதை மட்டும்தான் கேட்க முடியும், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். நான்கு மாதச் சம்பளமும் கடைசி ஓராண்டின் ஓவர்டைம் குறைவும் சேர்த்து 6,220 வெள்ளி என்று கணக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஓவர்டைமில் குறைத்தது, என் கணக்கில் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல், சட்டத்தின் கண்ணில் இல்லாமலே போயிற்று. என்னைக் காப்பாற்றிய சான்று ஒரு சின்ன நோட்டு. என் பழக்கம், ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு லாரி ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன் என்று எழுதிவைப்பேன். வேலைக் கணக்குக்காக இல்லை, அப்பா பால் கணக்கு எழுதியதைப் பார்த்து வந்த பழக்கம். “நாளைக்கு இந்த சைட், ஏழு மணி” என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் நோட்டோடு பொருந்தின. நோட்டு இல்லாத நண்பர்களுக்குப் பாதித் தொகைகூடக் கணக்கில் நிற்கவில்லை. பாஸ்போர்ட் எங்களில் சிலருக்கு அலுவலகத்தில் ‘பத்திரமாக’ இருந்தது. பிறருடைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது அங்கே குற்றம். கேளுங்கள், தந்துவிடுவார்கள்.

புகார் பதிவானதும் முதலாளியிடமிருந்து எனக்கு ஒரு அழைப்பு, நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக. டிக்கெட் எடுத்துத் தருகிறேன், அம்மாவைப் போய்ப் பார், பணத்தை ஊருக்கே அனுப்பிவைக்கிறேன் என்றார். குரலில் அவ்வளவு பாசம். ஏழு பேர் அந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இன்றுவரை ஒரு வெள்ளி வரவில்லை. கோரிக்கை முடியும்வரை அந்த மண்ணை விட்டு நகராதீர்கள்.

எங்கள் பெர்மிட் போய் ஸ்பெஷல் பாஸ் வந்தது. அது ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு இருக்கலாம், வேலை பார்க்க முடியாது. தனி அனுமதி கிடைத்தவர்கள் சிலர் தற்காலிக வேலைக்குப் போனார்கள், எனக்கு அமையவில்லை. ஒளித்து வேலை பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள், கோரிக்கையும் கெடும். சட்டப்படி கோரிக்கை நடக்கும்வரை சாப்பாடும் தங்குமிடமும் பழைய முதலாளியின் பொறுப்பு, எங்கள் முதலாளிக்கு அது வெறும் காகிதப் பொறுப்பு. லிட்டில் இந்தியாவில் டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற தொண்டு அமைப்பு வழக்கில் மாட்டிய தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. முதல் நாள் தட்டைப் பிடித்து நிற்கும்போது தலை நிமிரவே இல்லை. பத்தாம் நாள் பக்கத்தில் இருப்பவரிடம் ரசம் இன்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் விரல் போனவர்கள், முதுகு உடைந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். என் பிரச்சினை பணத்தோடு போயிற்றே என்று நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பரிலிருந்து ஜனவரிவரை ஐந்து மாதம் வருமானமே இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் நடப்பேன். அப்போதும் அந்த ஊர் பாதுகாப்பானதுதான். விளக்குகள் எரிந்தன, யாரும் என்னைத் தொடவில்லை, ஒரு பெண் இயர்போனோடு கடந்துபோனாள். நடந்துகொண்டே யோசிப்பேன்: திருடன் மீது எனக்குப் பயமில்லை, ஏனென்றால் திருடனைக் கண்டால் ‘திருடன்’ என்று நான் கத்தலாம், ஊரே வரும். முதலாளியைப் பார்த்து நான் கத்த முடியாது. எனக்குக் கிடைத்த பாதுகாப்பெல்லாம் எனக்கு இணையானவனிடமிருந்தும் கீழே இருப்பவனிடமிருந்தும்தான் கிடைத்தது. மேலே இருப்பவனிடமிருந்து வேண்டிய பாதுகாப்பு வேறு வகை, அதற்குச் சேர்ந்து நிற்க வேண்டும், சத்தம் போட வேண்டும், போட்டாலும் பெர்மிட் போகாது என்ற நம்பிக்கை வேண்டும். அந்தச் சட்டங்கள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன். சம்பளச் சட்டம் நம் ஊரைவிட அங்கே தெளிவு, லஞ்சம் இல்லாமல் வேலை நடக்கிறது. பட்டா மாற்றத்துக்கு எங்கள் அப்பா மூன்று ஆண்டு அலைந்ததை மறந்துவிட்டுப் பேசினால் நான் பொய்யன். ஆனால் அந்த நல்ல சட்டத்தின் கதவைத் தட்டவே எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. எங்கள் பயத்தைப் பயன்படுத்திக்கொண்டவருக்கு அந்த ஆறு வாரம் போதுமாக இருந்தது.

கடைசியில் சமரசத்தில் 4,500 வெள்ளி என்று முடிவானது, மூன்று தவணை. அலுத்துப்போய்ச் சரி என்றேன். முதல் தவணை 1,500 வந்தது. இரண்டாவதில் 700. மூன்றாவது வரவேயில்லை, நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. ஆக, 6,220-க்கு 2,200. நம் காசில் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் தேறியது, இரண்டரை லட்சம் போனது, ஐந்து மாதக் காலம் தனி. தவணைக்குச் சம்மதிக்காதீர்கள், குறைத்துக்கொண்டாவது ஒரே தடவையாகக் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு அதை நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்தால்தான் அது தீர்ப்புக்குச் சமமாக நிற்கும். அதற்கும் கெடு உண்டு, நான் தவறவிட்டேன்.

2024 ஜனவரியில் ஊர் திரும்பினேன். ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டேன். மை வைத்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்றும் நிகழவில்லை.

2025 தொடக்கத்தில் ஒருநாள் பஸ்ஸில் திருவாரூருக்கு ஒரு வேலை விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஊர் எல்லையில் பஸ் நின்றுவிட்டது. மறியல். நூறு நாள் வேலைக்குப் பல மாதமாகக் கூலி வரவில்லை; அப்போது தமிழகம் முழுக்க இதே கதைதான். எனக்கு எரிச்சல். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும், இதற்குத்தான் இந்த நாடு உருப்படாது என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்ப் பார்த்தால், நாற்பது ஐம்பது பெண்கள் வெயிலில் தார்ச் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் எங்கள் அம்மா. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் தூக்குச் சட்டியோடு. என்னைப் பார்த்ததும் “நீ போ, உனக்கு நேரமாகிறது” என்று கையசைத்தார், போக வழியைத் தடுத்து உட்கார்ந்திருப்பதே அவர்தான் என்பதை மறந்துவிட்டு. இரண்டு மணி நேரம் கழித்து ஜீப்பில் அதிகாரி ஒருவர் வந்தார். நாற்காலி இல்லை, நின்றுகொண்டே பதில் சொன்னார். முன்வரிசையில் ஒரு கிழவி அவரை ஒருமையில் பேசினார். பணம் அன்றைக்கு வந்துவிடவில்லை, பல வாரம் கழித்துத்தான் வந்தது. எனக்கு அந்தத் திருவாரூர் வேலையும் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி பத்தே முக்காலுக்குத் தங்கை கூப்பிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள், தெருவிளக்கு இரண்டு எரியவில்லையாம், விடுதி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அம்மா சாலையில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். சிரித்தாள். நடுவில் ஒரு பைக் சத்தம் நெருங்கி வந்தபோது அவள் பேச்சு நின்றது. நானும் நிறுத்தினேன். பைக் போய்விட்டது. “ம், சொல்லு அண்ணா, அந்தக் கிழவி என்ன சொன்னாள்?” என்றாள்.